கோட்டைக் கற்கள் கூறும் சான்று

நல்லூர்க் கோயிலை இடித்த கற்களைக் கொண்டே யாழ்ப்பாணக் கோட்டை கட்டப்பட்டது என்பது குடாநாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தியாகும். அது முழு உண்மையோ, ஒரு பகுதி உண்மையோ என்பதை ஏடுகளை மட்டும் கொண்டு தீர்த்தல் அரிது. கற்களையே சாட்சிகளாக வினவுதற்கு இன்று ஒரு வழி உண்டு. அதுவே லேசர் நிறமாலை ஆய்வு.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். அவர்கள் கட்டிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் வென்று, பின்னர் ஐங்கோண வடிவில் மாற்றியமைத்தனர். வெளியரண்கள் 1792 இல் நிறைவெய்தின. ஆகவே கோயிற் கற்கள் அங்கு இருப்பின், அவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்மாறியிருத்தல் கூடும். கோட்டையினுட் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுத் துண்டு, பழைய கட்டடமொன்றின் கல் அங்குச் சென்றமையைக் காட்டுகின்றது. எழுத்தற்ற கற்களை எங்ஙனம் அறிவது?

லேசர் ஒளியின் நுண்துடிப்பொன்றைக் கல்லின்மீது குவிக்கும்போது, கண்ணுக்குப் புலனாகா அளவு துகள் ஆவியாகி ஒளிர்கின்றது. அவ்வொளியைப் பிரித்து நோக்கின், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளால் தன்னை வெளிப்படுத்தும். 2012 இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தி பாறைகளை ஆராய்ந்தது இம்முறையினாலேயே.

குடாநாட்டின் நிலத்தடிப் பாறை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கடலிலிருந்து பெறப்படுவது முருகைக்கல். இரண்டிலும் கல்சியமே மிகுதி. ஆயினும் அண்மைக்கால முருகைக்கல்லில் ஸ்ரொன்சியம் பன்மடங்கு கூடுதலாக உண்டு. எனவே எக்கல் கடலினின்று வந்தது, எக்கல் நிலத்தினின்று அகழப்பட்டது என்பதைப் பிரித்தறியலாம். மேலும், ஒரே புள்ளியில் துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தின், மேற்சாந்தின் கீழுள்ள வேறொரு பழஞ்சாந்தும் புலப்படும். இரு வேறு சாந்துகளைச் சுமக்கும் கல், முன்னர் வேறொரு சுவரில் இருந்திருக்கலாம் என்ற ஐயத்திற்கு அது வலுவூட்டும்.

ஆயினும் லேசருக்கும் எல்லை உண்டு. அச்சுவர் கோயிலினதோ, மாளிகையினதோ என்பதை அது உரைக்காது. அதனைக் கல்வெட்டும், சிற்ப வேலைப்பாடும், அகழாய்வுமே உரைத்தல் வேண்டும். அறிவியல் வரலாற்றாசிரியனுக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

1990 ஆம் ஆண்டு முற்றுகையின்போது கோட்டை பெருஞ்சேதமுற்றது. 2009 இற்குப் பின்னர் புனரமைப்புத் தொடங்கியது. புதுக்கல்லும் புதுச்சாந்தும் பழையனவற்றோடு கலக்குந்தோறும் சான்று மங்குகின்றது. ஆதலின் எந்தக் கல்லையும் பெயர்க்குமுன் அதன் இடத்தையும் இயல்பையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. இடிந்த கோயிலை நினைவுகூர்வோர்க்கும் கோட்டையைப் பேணுவோர்க்கும் அக்கற்களின் சாட்சியம் பொதுச் சொத்தாகும். அதனைக் கேளாது அழியவிடுதல் வரலாற்றுக்கு இழைக்கும் மற்றோர் இடிப்பேயாம்.