எண் இல்லாமல் ஓடியவர்கள்: ஒரு சொல்லின் வரலாறும் ஓர் அறக்கேள்வியும்

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, முதுகலை இரண்டாம் ஆண்டில் பயின்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் படித்த நகரில் நடைபெற்ற அரை மாரத்தானில் கலந்துகொண்டேன். ‘கலந்துகொண்டேன்’ என்பது முழு உண்மையன்று. நான் பதிவுக் கட்டணம் செலுத்தவில்லை. எண் அட்டை அணியவில்லை. விடுதியிலிருந்து நடந்து சென்று, மூன்றாவது கிலோமீட்டருக்கு அருகில் தடுப்பைத் தாண்டிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். வழியில் நான்கு இடங்களில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். முடிவுக் கோட்டில் நின்ற தன்னார்வலர் ஒருவர் என் மார்பைப் பார்க்காமலே கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு விடுதி அறையில் இளையவர் ஒருவர், “இது சரியா, அண்ணா?” என்று கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. 1966ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பாபி கிப் என்ற பெண் எண் இல்லாமல்தான் ஓடினார். வரலாறு இன்று அவரைக் கொண்டாடுகிறது என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வரலாற்றைச் சொல்லி ஒருவரை வாயடைக்கச் செய்வது எளிது. ஆனால் நான் சொன்ன சான்று என் செயலுக்குப் பொருந்தாது என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அன்று தந்திருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கட்டணமோ பதிவோ இன்றிப் பந்தயத்தில் ஓடுபவரை ஆங்கிலம் பேசும் ஓட்டக்காரர்கள் ‘பேண்டிட்’ என்கிறார்கள். இன்று அச்சொல்லுக்குக் கொள்ளையர் என்று பொருள். ஆனால் அது இத்தாலிய மொழியின் ‘பாந்தீத்தோ’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் வினையடி, பொது அறிவிப்புச் செய்தல், அவ்வாறு அறிவித்து ஒருவரை நாடு கடத்துதல் என்னும் பொருள்களைக் கொண்டது. ஆங்கிலத்தில் தடை என்று பொருள்படும் ‘பேன்’ என்ற சொல்லும் அதற்கு உறவுதான். ஆகவே மூலப்பொருளில் பேண்டிட் என்பவர் எதையும் களவாடியவர் அல்லர். பறையறைந்து ஊர்விலக்கம் செய்யப்பட்டவர். ஊரை விட்டு விலக்கப்பட்டவர்கள் காட்டுவழியில் பயணிகளை மறித்து வாழ நேர்ந்தபோது, சொல்லின் பொருள் விலக்கப்பட்டவரிடமிருந்து கொள்ளையருக்கு நகர்ந்தது.

தமிழில் இதற்கு இணையாக நம்மிடம் இருப்பது ‘வித்தவுட்’. பயணச்சீட்டு இல்லாமல் ரயிலேறுபவரை அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘இல்லாமல்’ எனப் பொருள்படும் ஓர் இடைச்சொல், எது இல்லை என்பதைச் சொல்லாமலே தமிழில் பெயர்ச்சொல்லாகிவிட்டது. அது சீட்டு இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. சீட்டை அவர் வாங்கவில்லையா, அவருக்கு விற்க மறுத்தார்களா என்பதைச் சொல்வதில்லை. நமது அறக்கேள்வி முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடைப்பட்ட நிலம் தமிழருக்கு அந்நியமானதன்று. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் பலர் அந்த நேட்டால் பகுதியில்தான் குடியேறினர். 1893ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டதும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான். அவரிடம் முதல் வகுப்புச் சீட்டு இருந்தது. அவர் வித்தவுட் அல்லர். கட்டணமும் அனுமதியும் வேறு வேறு என்பதை அந்த நிகழ்வு காட்டிவிட்டது.

அதே இரு நகரங்களுக்கு இடையே, முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக, 1921ஆம் ஆண்டு காம்ரேட்ஸ் மாரத்தான் தொடங்கியது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு. வெள்ளையின ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. 1923இல் ஃபிரான்செஸ் ஹேவர்ட் என்ற பெண் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. இருந்தும் ஓடினார், 11 மணி 35 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதிகாரபூர்வப் பதக்கம் அவருக்கு இல்லை. சக ஓட்டக்காரர்களும் பார்வையாளர்களும் பணம் சேர்த்து வெள்ளித் தேநீர்க் கலன்களைப் பரிசளித்தார்கள். 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் அதே சாலையில் எண் இல்லாமல் ஓடி, 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். அவர் பெயரும் முடிவுப் பட்டியலில் ஏறவில்லை. எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் அந்தப் பந்தயம் திறக்கப்பட்டது 1975இல்தான். இன்று 10 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு அங்கு வழங்கப்படும் ஒரு பதக்கம் ம்ட்ஷாலியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அது 2019இல் ஏற்படுத்தப்பட்டது. எண் இல்லாதவரின் பெயர், எண் அணிந்தவர்களின் கழுத்துக்கு வந்துசேர 84 ஆண்டுகள் ஆயின.

இனி பாஸ்டன். 1897இல் 15 பேருடன் தொடங்கிய மாரத்தான் அது. 1966ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஓட பாபி கிப் முறைப்படி விண்ணப்பம் கேட்டு எழுதினார். அவ்வளவு தொலைவு ஓடுவதற்குப் பெண்களின் உடல் ஏற்றதன்று என்ற பொருளில் மறுப்புக் கடிதம் வந்தது. அன்றைய அமெரிக்கத் தடகள விதிகள் பெண்களுக்கு அனுமதித்த உச்சத் தொலைவு ஒன்றரை மைல். அவர் கலிஃபோர்னியாவிலிருந்து பேருந்தில் நாட்கணக்காகப் பயணம் செய்து வந்து, தொடக்கக் கோட்டுக்கு அருகில் ஒரு புதரில் மறைந்திருந்து ஓட்டத்தில் சேர்ந்தார். முகத்தையும் முடியையும் மறைக்கும் தலைமூடி வைத்த மேலாடை அணிந்திருந்தார்.

இதற்குப் பின் நடந்ததைத்தான் அன்று நான் இளையவரிடம் சொல்லவில்லை. சிறிது தொலைவிலேயே பின்னால் வந்த ஆண்கள் அவரைப் பெண் என்று கண்டுகொண்டார்கள். மேலாடையைக் கழற்றினால் வெளியேற்றிவிடுவார்கள் என்று அவர் அஞ்சியபோது, சாலை எல்லோருக்கும் உரியது, வெளியேற்ற விடமாட்டோம் என்றார்கள். அவர் மேலாடையைக் கழற்றி எறிந்தார். எஞ்சிய தொலைவு முழுவதையும் எல்லோரும் காண, பெண்ணாகவே ஓடினார். 3 மணி 21 நிமிடம் 40 நொடியில், ஓடியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை முந்தி முடித்தார். மாநில ஆளுநர் முடிவுக் கோட்டில் காத்திருந்து கை குலுக்கினார். ஏற்பாட்டாளர்களோ, பந்தயம் நடந்துகொண்டிருந்தபோது அவர் அதே பாதையில் சென்றார், அவ்வளவுதான் என்றார்கள்.

அடுத்த ஆண்டு காத்ரின் ஸ்விட்சர் முதலெழுத்துகளோடு கே. வி. ஸ்விட்சர் எனப் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, 261 என்ற எண்ணை அணிந்து ஓடினார். ஏற்பாட்டாளர்களில் ஒருவரான ஜாக் செம்ப்பிள் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்த்தெறிய முயன்ற ஒளிப்படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தின் இன்னொரு வடிவம் அது. அதே நாளில் எண் இல்லாத கிப் இரண்டாம் முறையாக ஓடி, ஸ்விட்சருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பாகவே முடித்திருந்தார். 1972இல் பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 1996இல், நூறாவது ஓட்டத்தின்போது, 1966 முதல் 1968 வரை கிப் பெற்ற மூன்று வெற்றிகளையும் அங்கீகரித்துப் பதக்கம் வழங்கியது.

ஹேவர்ட், ம்ட்ஷாலி, கிப் ஆகிய மூவரும் சொல்லின் மூலப்பொருளில் பேண்டிட்டுகள். அவர்கள் கட்டணம் செலுத்த மறுத்தவர்கள் அல்லர்; அவர்களிடமிருந்து கட்டணம் பெற மறுத்தார்கள். நான் ஓடிய ஓட்டத்தில் பதிவுக்கான கதவு பல வாரங்கள் திறந்திருந்தது. விலக்கப்பட்டவர்களின் பெருமையை, விலக்கப்படாத நான் இரவல் வாங்கிக்கொண்டேன். சொல்லின் பொருள் நகர்ந்த அதே பாதையில்தான் நானும் நகர்ந்திருந்தேன்.

எண் அணிவது ஒருவரை நேர்மையானவராக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1980இல் ரோஸி ரூயிஸ் பாஸ்டனில் முறையாகப் பதிவு செய்து, எண் அணிந்து, பெண்களில் முதலாவதாக முடிவுக் கோட்டைத் தொட்டார். அவர் முழுத் தொலைவையும் ஓடவில்லை என்பது தெரியவந்ததும் பட்டம் பறிக்கப்பட்டு, கனடாவின் ஜாக்குலின் கரோவுக்கு வழங்கப்பட்டது. கட்டணம் செலுத்திவிட்டு ஓடாதவரும் உண்டு. ஓடிவிட்டுக் கட்டணம் செலுத்தாதவரும் உண்டு. முன்னவர் வெற்றியைத் திருடினார். பின்னவர் எதை எடுக்கிறார்?

வழக்கமான விடை: எதையும் இல்லை. சாலை பொதுச் சொத்து. ஒருவர் கூடுதலாக ஓடினால் யாருக்கு நட்டம்? ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. சில நூறு பேர் ஓடிய 1966இல் சாலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சாலை எல்லோருக்கும் உரியது என்ற வாதம் அன்று விலக்குக்கு எதிரான வாதமாகவும் இருந்தது. பின்னர் நிலைமை மாறியது. பாஸ்டனில் பதிவு ஆயிரத்தைத் தாண்டியதும், 1970இல் தகுதி நேரம் அறிமுகமானது. எண்ணிக்கைக்கு வரம்பு வந்தபின், எண் என்பது வரிசையில் ஓர் இடம். அதன் பிறகும் எண் இல்லாதவர்கள் கடைசியில் நின்று ஓடுவதை நெடுங்காலம் கண்டும் காணாமல் விட்டார்கள். 2013ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பில் மூவர் இறந்து, 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்த பின் அந்தத் தாராளம் முடிந்தது. யார் ஓடுகிறார்கள் என்று தெரிந்திருப்பது பாதுகாப்பின் பகுதியாயிற்று. 2014இல் பதிவில்லாதவர்கள் வர வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்கள். அவ்வாண்டு சிலர் வேறொருவரின் எண்ணை நகலெடுத்து அணிந்து ஓடியதும் ஒளிப்படங்களால் வெளிப்பட்டது. புதரில் ஒளிந்தவர் தன் முகத்தைக் காட்டினார். நகல் எண் அணிந்தவர் இன்னொருவரின் பெயருக்குள் ஒளிந்தார்.

நட்டம் யாருக்கு என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது நூலகத்தில் அன்று. சென்ற ஆண்டு வேறொரு நகரில் நடந்த ஓட்டத்தில், பதினெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் வழங்கும் தன்னார்வலனாக நின்றேன். குவளைகளும் தண்ணீரும் பதிவானவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்தன. எண் இல்லாத இளைஞர்கள் இடையிடையே வந்தார்கள்; நான் மறுக்கவில்லை, மறுக்கும் தகுதியும் எனக்கில்லை. இறுதியில் மேசை காலியானது. அதற்குப் பின்னும் ஓட்டக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், முதல்முறை ஓடுபவர்கள், வெயில் ஏறிய பின்னும் நடையும் ஓட்டமுமாக வருபவர்கள். அவர்கள் எல்லோர் மார்பிலும் எண் இருந்தது. பற்றாக்குறைக்குக் கணக்கிட்டவர்களின் பிழையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கட்டணம் செலுத்தாதவன் பெரிய நிறுவனத்திடமிருந்து எதையோ எடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். அந்த இழப்போ வரிசையில் தனக்குப் பின்னால் வரும் மெதுவானவரிடம் போய்ச் சேர்கிறது. நான் குடித்த நான்கு குவளைகளும் யாருடையவை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஒரு மறுப்பை மட்டும் எளிதில் ஒதுக்க முடியாது. கட்டணமே ஒரு விலக்கு அல்லவா? 1970இல் நியூயார்க் மாரத்தான் தொடங்கியபோது நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். இன்று நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அது 200 டாலரைத் தாண்டிவிட்டது. நம் நகரங்களிலும் ஒரு மாணவரின் மாத உணவுச் செலவோடு ஒப்பிடத்தக்க கட்டணங்கள் உண்டு. பாலினமும் நிறமும் மூடிய கதவைப் பணம் இன்று மூடுகிறது என்று ஒருவர் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது. அப்படி ஓடுபவரை நான் திருடர் என்று அழைக்கமாட்டேன். ஆனால் முன்னோடிகளின் வழியைப் பின்பற்றுவதாக அவர் சொன்னால், இரண்டைக் கேட்பேன். முதலில் கதவைத் தட்டினீர்களா? ஹேவர்டும் கிப்பும் விண்ணப்பித்து, மறுக்கப்பட்ட பிறகே ஓடினார்கள். அடுத்து, காணும்படி ஓடினீர்களா? பிறர் காண ஓடியதால்தான் அது விதியை நோக்கிய கேள்வியாயிற்று. மறைந்து ஓடினால் அது ஓடியவரின் சொந்த ஆதாயம் மட்டுமே.

கட்டணமில்லாத ஓட்டம் வேண்டுவோருக்கு மற்றொரு வழியும் உண்டு. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். கட்டணம் கிடையாது, நேரம் குறித்தவர்கள் தன்னார்வலர்கள். அதுவே பின்னர் ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. கட்டணக் கதவைத் தாண்டிக் குதிப்பதைவிடக் கதவே இல்லாத ஓட்டத்தை உருவாக்குவது கடினம். ஆனால் அது பின்னால் வருபவருக்கும் பயன்படும்.

அந்தப் பதக்கம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்று கேட்ட இளையவர் இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியர். அவருக்கு நான் தர வேண்டிய பதில் நீளமானதன்று. சரியில்லை, தம்பி. என்னை யாரும் விலக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள், குறிப்பாகக் கட்டணம் என்ற விலக்கைப் பற்றி வேறாகச் சிந்திப்பவர்கள் எழுதுங்கள். அந்தப் பகுதியில் என் முடிவு உறுதியானதன்று.