கிழங்கு தப்பினால் அல்லி தப்பும்: வட்டுக்கோட்டைக் கோடையும் ரொறன்ரோக் குளிரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. இருக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழுகிறது. வட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள குளங்களும் வயல் துரவுகளும் இதே கணக்கில்தான் வாழ்கின்றன. ஐப்பசியில் நீர் ஏறும். ஆனி, ஆடியில் அடிமண் வெடித்துக் கிடக்கும். ஆனால் அடுத்த மழைக்கு அல்லி இலை மறுபடி மிதக்கிறது. அதை யாரும் நட்டதில்லை.

இந்தக் கட்டுரைக்காக அல்லி வளர்ப்பவர்களோடு பேசியபோது இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஊரில் இருப்பவர்கள், "கோடையில தொட்டி அல்லி பட்டுப்போகுதே, என்ன செய்யிறது?" என்று கேட்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், "குளிர் வர முதல் இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் விடை ஒன்றே. இலையையும் பூவையும் விட்டுவிட்டுக் கிழங்கைக் காப்பாற்ற வேண்டும்.

எந்த அல்லி?

குளிர்நாட்டு அல்லிக்குத் தடித்த கிடைத்தண்டு உண்டு. குளத்தின் அடிமட்டம் உறையாத வரை பனிக்கட்டியின் கீழும் அது தப்பும். வெப்பநாட்டு அல்லி கிழங்கு கட்டும். அதன் பூ நீருக்கு மேலே காம்பு நீட்டி நிற்கும். நீல நிறப் பூ இந்த வகைக்கே உரியது. இதிலும் பகலில் விரிவது ஒன்று, மாலையில் விரிந்து மறுநாட் காலையில் குவிவது இன்னொன்று.

இலங்கையின் தேசிய மலராக 1986 இல் அறிவிக்கப்பட்ட 'நில் மானெல்', நாம் நீலோற்பலம் என்று சொல்லும் பகற்பூ வகை. ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படும் அடர் ஊதாப் பூ பெரும்பாலும் கலப்பினம் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். உள்நாட்டுப் பூவின் நிறம் வெளிறியது, இதழ்களும் குறைவு. கலப்பினம் இயற்கைக் குளங்களில் பரவி உள்நாட்டு வகையை நெருக்குகிறது. எனவே கடையில் வாங்கிய செடி வீட்டுத் தொட்டியோடு நிற்கட்டும். அதை ஊர்க் குளத்தில் விட வேண்டாம்.

தொட்டியில் வளர்ப்பது

வாய் அகலம் இரண்டடிக்குக் குறையாத சீமெந்துத் தொட்டியோ பிளாஸ்ரிக் பேசினோ போதும். நாளுக்கு ஆறு மணிநேரமாவது நேர் வெயில் வேண்டும். மர நிழலில் இலை வரும், பூ வராது.

மண்ணுக்கு வயற் களி நல்லது. தென்னந்தும்பும் புதிய எருவும் வேண்டாம். தும்பு மிதக்கும், எரு நீரைப் பச்சையாக்கும். சட்டியில் களியை நிரப்பிக் கிழங்கின் முளை மண்மட்டத்தில் நிற்கும்படி நட்டு, மேலே ஒரு விரற்கடை மணல் போடுங்கள். முதலில் முளைக்கு மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீர் போதும். இலை பெருத்த பிறகு ஒன்று, ஒன்றரை அடிவரை உயர்த்தலாம். பசளையைக் கடதாசியில் பொதிந்து மாதம் ஒருமுறை மண்ணுக்குள் புதையுங்கள். யூரியாவை நீரில் வீசினால் பாசி பிடிக்கும், மீனும் சாகும்.

கடல்நீரேரிக்கு அருகிலுள்ள கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். குடிக்கும்போது உப்புத் தெரிகிற நீரை அல்லித் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம். மாரியில் மழைநீரைச் சேர்த்து வைப்பது நல்லது.

நுளம்பை மறக்கக் கூடாது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வளவில் குடம்பி கண்டால் வழக்குத் தொடரலாம். தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விடுங்கள். மீன் இருக்கிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

கோடையைக் கடப்பது

நீர் வற்றும்போது அல்லி சாவதில்லை. இலையைக் கைவிட்டு, சேர்த்த மாச்சத்தைக் கிழங்கில் வைத்துக்கொண்டு சேற்றுக்குள் உறங்குகிறது. தொட்டிக்கு நீர் ஊற்ற வசதியில்லாத வீடுகளில் அந்த உறக்கத்துக்கு இடம் கொடுக்கலாம். வைகாசியில் பசளையை நிறுத்துங்கள். இலை மஞ்சளானதும் நீரை வற்றவிட்டு, சட்டியை நிழலுக்கு மாற்றிச் சாக்கால் மூடுங்கள். களி ஈரமாக இருந்தால் போதும். முற்றாகக் காய்ந்து பாளமாக வெடிக்க விடாதீர்கள். குளத்து அடிச்சேற்றின் ஆழம் சட்டிக்கு இல்லை. ஐப்பசி மழையோடு வெளியே எடுத்து நீர் ஊற்றினால் முளை வரும்.

குளிரைக் கடப்பது

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நாட்காட்டி வேறு, வேலை ஒன்றுதான். ஓகஸ்ற் இறுதியில் பசளையை நிறுத்துங்கள். ஒக்டோபரில் முதல் உறைபனி இலையைக் கருக்கியதும் சட்டியைத் தூக்கி, மண்ணைக் கழுவிக் கிழங்கைத் தேடுங்கள். தண்டின் அடியில் பாக்களவிலோ தேசிக்காய் அளவிலோ உருண்டையாக இருக்கும். கல்லுப்போல் இறுக்கமானது நல்லது. அமுக்கினால் நசிவதை எறிந்துவிடுங்கள்.

வேரையும் பழைய தண்டையும் நீக்கி, ஈர மணலோடு மூடிய போத்தலில் இட்டு, 10 முதல் 13 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள இருட்டான இடத்தில் வையுங்கள். சூடேற்றாத நிலக்கீழ் அறை பொருந்தும். குளிர்சாதனப் பெட்டி இதற்கு மிகக் குளிர். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து அழுகியதை அகற்றுங்கள். பங்குனியில் வெதுவெதுப்பான நீருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு யன்னலோரம் வைத்தால் முளைக்கும். குள நீர் தொடர்ந்து 21 பாகைக்கு மேல் நிற்கும்வரை வெளியே விடக் கூடாது. அங்கே அது ஜூன் மாதம்தான்.

ஊரிலிருந்து கிழங்கைப் பொதியில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இறக்குமதி விதிகளும் உண்டு. விமான நிலையத்தில் பறிபோவதைவிட, அங்குள்ள நாற்றுமேடையில் வாங்குவது நல்லது.

குளத்துச் சேறு

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது மாரி தொடங்கியிருந்தது. ஊரில் ஆளில்லாத அந்த மாரியிலும் சேற்றுக்குள் இருந்த கிழங்குக்கு முளைக்கத் தடையில்லை. கார்த்திகைப்பூவும் இப்படித்தான் மழைக்குக் கிழங்கிலிருந்து எழும்புகிறது. மனிதர் இல்லாவிட்டாலும் இந்தச் செடிகளுக்கு வாழத் தெரியும். அவற்றுக்கு வேண்டியது தங்கியிருக்கும் மண்.

இன்று அந்த மண்ணுக்குத்தான் ஆபத்து. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் குளங்களை மேடாக்குவது ஒன்று. தூர்வாருதல் இன்னொன்று. தூர்வாருவது தேவையான வேலை. நிலத்தடி நீரை நம்பி வாழும் குடாநாட்டில் குளம் ஆழமாகத்தான் வேண்டும். ஆனால் பெக்கோ இயந்திரம் அடிச்சேறு முழுவதையும் வழித்து லொறியில் ஏற்றும்போது கிழங்கும் விதையும் சேர்ந்தே போகின்றன. அடுத்த மாரியில் நீர் நிற்கும், இலை மிதக்காது.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. குளத்தின் ஒரு மூலையை வழிக்காமல் விடச் சொல்லுங்கள். அதற்கு இடமில்லை என்றால், இயந்திரம் இறங்குவதற்கு முன் இரண்டு மூன்று கடகம் சேற்றைக் கிழங்கோடு அள்ளி நிழலில் ஈரமாக வைத்திருங்கள். வேலை முடிந்து முதல் மழை பெய்ததும் கரையோரம் போட்டுவிடலாம். தூர்வாரும் வேலை பெரும்பாலும் கோடையில்தான் நடக்கும். பிரதேச சபையோடும் கமநல சேவை நிலையத்தோடும் கோயில் நிர்வாகத்தோடும் அதற்கு முன்பே பேசிவைக்க வேண்டும்.