அரங்கிற் குடியிருந்தோர்

பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், ரோன் நதி மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் சமவெளியை அண்டி, அவிஞோன் என்னும் பழைய நகர் அமைந்துள்ளது. 14-ஆம் நூற்றாண்டிலே கத்தோலிக்கப் பாப்பரசர்கள் வீற்றிருந்த நகர் அது. இன்று அங்கிருந்து சிறிய வண்டிகள் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. வழிகாட்டி ஒருவர் உடன் செல்வார். காலையிற் புறப்பட்டோர் உரோமர் கட்டிய நீர்ப்பாலம், உரோமர் கட்டிய அரங்கு, மலைமேல் அமைந்த இடைக்கால ஊர் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு அரை நாளில் திரும்பிவிடலாம். ஈராயிரம் ஆண்டு வரலாறு ஐந்தாறு மணித்தியாலத்துள் அடங்கிவிடுகின்றது.

அவ்வாறு அடங்குவதற்கு வசதியாக வரலாறு முன்னரே கூறுபோடப்பட்டுள்ளது. 'உரோமச் சின்னங்கள்' என்பது ஒரு கூறு. 'இடைக்கால ஊர்கள்' என்பது மற்றொரு கூறு. முன்னையது பேரரசர்களின் பெருமைக்கும், பின்னையது கோட்டைத் தலைவர்களின் வீரத்துக்கும் உரியனவாகச் சொல்லப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே மக்கள் எங்கு வாழ்ந்தனர்? உரோமர் விட்டுச்சென்ற கற்களை அவர்கள் என்ன செய்தனர்? வாழ்ந்த இடத்தை விட்டு அவர்கள் எப்பொழுது, எவரால் அகற்றப்பட்டனர்? அரை நாட் சுற்றுலாவில் இவ்வினாக்களுக்கு இடமில்லை. ஆயினும் அந்தக் கற்களின் உண்மையான வரலாறு இவ்வினாக்களிலேயே தங்கியுள்ளது.

முதலில் நீர்ப்பாலத்தை நோக்குவோம். உசேஸ் என்னும் ஊரின் அருகிலுள்ள ஊற்றுநீரை நீம் நகருக்குக் கொண்டுசெல்வதற்காகக் கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமர் கால்வாயொன்றை அமைத்தனர். நேர்வழியில் ஊற்றுக்கும் நகருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஆனால் மலைகளைச் சுற்றி வளைந்து செல்லும் கால்வாயின் நீளம் 50 கிலோமீற்றர். இவ்வளவு தூரத்திலும் நீர் இறங்கும் மொத்த உயரம் 12 அல்லது 13 மீற்றர் மாத்திரமே. அதாவது ஒரு கிலோமீற்றருக்குச் சராசரி 25 சென்ரிமீற்றர். கால்வாய் கார்டோன் ஆற்றைக் கடக்குமிடத்தில் மூன்றடுக்கு வளைவுகளாக எழும் 49 மீற்றர் உயரமான பாலத்தையே பிரயாணிகள் கண்டு வியக்கின்றனர். அதன் கற்களுட் சில ஆறு தொன் நிறையுடையன. கீழிரு அடுக்குகளிலும் சாந்து பூசப்படவில்லை. ஒவ்வொரு கல்லும் அளவாகச் செதுக்கப்பட்டு அதனதன் இடத்திற் பொருத்தப்பட்டது.

அக்கற்களிலே கட்டுவோர் பொறித்த குறிகள் இன்றும் காணப்படுகின்றன. 'முன்புறம், இடப்பக்கம், இரண்டாவது' என்ற பொருள்படும் இலத்தீன் எழுத்துகளும் எண்களும் அவற்றுள் உள. எந்தக் கல் எந்த வளைவில் எத்தனையாவதாக அமையவேண்டும் என்பதைக் காட்டும் தொழிற் குறிகள் அவை. கல்லுக்கு முகவரி இருந்தது. ஆனால் கல்லை வெட்டிச் சுமந்து ஏற்றிய ஆயிரக்கணக்கானோரை வழிகாட்டி 'உரோமர்' என்ற ஒரு சொல்லுள் அடக்கிவிடுகின்றார்.

'உரோமர் கட்டினர்' என்பது எத்தகைய கூற்று என்பதை ஆர்ல் நகரின் கதை விளக்கும். கி.மு. 49-இலே யூலியசு சீசருக்கும் பொம்பேயிக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரில், கிரேக்கக் குடியேற்றமான மார்செய் பொம்பேயியின் பக்கம் சாய்ந்தது. ஆர்ல் சீசருக்குத் துணைநின்றது. மார்செயை முற்றுகையிடுதற்கு வேண்டிய பன்னிரண்டு போர்க்கப்பல்கள், மரம் வெட்டப்பட்ட நாளிலிருந்து முப்பது நாள்களுள் ஆர்லில் கட்டி முடிக்கப்பட்டதாகச் சீசரே எழுதியுள்ளார். மார்செய் வீழ்ந்தபின் அதன் நிலங்களிற் பெரும்பகுதி பறிக்கப்பட்டு ஆர்லுக்கு அளிக்கப்பட்டது. கி.மு. 46-இல் ஆறாம் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரர்கள் அங்குக் குடியேற்றப்பட்டனர். அந்நகரின் அரங்கும் நாடகசாலையும் நிலக் கைப்பற்றலின் மேல் எழுந்தவையாம்.

வடக்கேயுள்ள ஒறாஞ்சு நகரிலே 1949-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட சலவைக்கற் பலகைகள் இதற்குச் சான்று பகரும். அவை நில அளவைப் பதிவேடுகள். கி.பி. 77-இலே வெசுப்பாசியன் என்னும் பேரரசன், தனியார் கவர்ந்துகொண்ட பொது நிலங்களை மீட்கும் பொருட்டு இத்தகைய பதிவை ஊரறியப் பொறித்துவைக்கக் கட்டளையிட்டான். குடியேறிய வீரர்க்கு உரியவை எவை, அரசுக்கு உரியவை எவை, அங்கு முன்னரே வாழ்ந்த திரிக்காசுத்தினி என்னும் குடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டவை எவை என்பன நிலத்துண்டு வாரியாக அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. சுதேசிகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வளங்குன்றிய நிலங்களே.

இனி அரங்குக்கு வருவோம். ஆர்ல் அரங்கு கி.பி. 90 அளவிற் கட்டப்பட்டது. நீளம் 136 மீற்றர், அகலம் ஏறத்தாழ 109 மீற்றர். இரண்டு அடுக்கிலும் அறுபது அறுபது வளைவுகள். ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் அமர்ந்து பார்க்கலாம். அடிமைகளும் தண்டனை பெற்றோரும் வாட்போரிலும் விலங்குகளின் வாயிலும் மடிவதைக் காண்பதற்காக எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில், யார் எங்கு அமர்வது என்பதை அந்தஸ்தே நிர்ணயித்தது. இதனையொத்த நீம் அரங்கிலே, ரோன், சோன் நதிகளின் படகுச் சங்கத்தாருக்கு நாற்பது இருக்கைகள் ஒதுக்கப்பட்டமை கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நதி வாணிகத்தாற் செழித்த சங்கம் அது. படகிலேயே உண்டு உறங்கியவர்களின் வாழ்வை அறிய வேறிடம் செல்லவேண்டும். ஆர்லில் நதியடியிற் புதைந்துகிடந்த 31 மீற்றர் நீளமான உரோமர் காலச் சரக்குப் படகொன்று 2004-இற் கண்டுபிடிக்கப்பட்டு 2011-இல் வெளிக்கொணரப்பட்டது. கட்டடக் கற்களை ஏற்றிச் செல்கையில் மூழ்கிய படகு அது. படகோட்டிகளின் சமையலடுப்பும் கலங்களும் அதனோடு கிடைத்தன. அரும்பொருட் சாலையில் வைக்கப்பட்டுள்ள அப்படகைப் பார்க்க அரை நாட் சுற்றுலாவில் நேரம் ஒதுக்கப்படுவது அரிது.

மேற்கில் உரோமப் பேரரசு 5-ஆம் நூற்றாண்டிற் சரிந்தது. படையெடுப்புகள் தொடர்ந்தன, வாணிகம் சுருங்கிற்று, நகரங்கள் சிறுத்தன. அச்சமுற்ற மக்களுக்கு அரங்கின் பருத்த சுவர்கள் ஆயத்தமான மதிலாகத் தோன்றின. நீமிலும் ஆர்லிலும் அரங்கு கோட்டையாயிற்று. நீம் கோட்டையைச் சாள்ஸ் மார்ட்டெல் 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தீயிட்டபோதும் அது அழியவில்லை. ஆர்ல் அரங்கின்மேல் நான்கு காவற்கோபுரங்கள் எழுந்தன. உள்ளே வீடுகள் பெருகின. வளைவுகளை அடைத்து அறைகளாக்கினர்; படிவரிசைக் கற்களைப் பெயர்த்துச் சுவரெழுப்பினர். காலப்போக்கில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளும், பொதுச் சதுக்கமும், இரண்டு சிறு கோயில்களும் அரங்கினுள் நிலைபெற்றன. மனிதர் சாவதைக் காண எழுப்பிய கட்டடத்திலே குழந்தைகள் பிறந்தன. நீரோட்டம் நின்றுபோன நீம் கால்வாயிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அதன் சுவர்களில் அரை மீற்றர் தடிப்புவரை படிந்திருந்த சுண்ணக்கல்லைச் சுற்றுப்புறத்தார் வெட்டியெடுத்துக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் பயன்படுத்தினர். பாலமோ ஆற்றைக் கடக்கும் வழியாகி, அப்பகுதித் தலைவர்களுக்குச் சுங்கம் ஈட்டிக்கொடுத்தது. அவ்வருவாய்க்காகவே அதைப் பேணினர் என்பதும் அது நிலைத்தமைக்கு ஒரு காரணம்.

ஆகவே 'உரோமச் சின்னம்' வேறு, 'இடைக்கால ஊர்' வேறு என்ற பாகுபாடு ஆர்லில் உண்மைக்குப் புறம்பானது. அங்கு உரோமச் சின்னமே இடைக்கால ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது மக்கள் வாழிடமாயிருந்தது. வாட்போர் நிகழ்ந்த காலமோ அதிற் பாதிக்கும் குறைவு.

அவ்வாறாயின் அந்த ஊர் எங்கே? அது அகற்றப்பட்டது. நீம் அரங்கினுள் 18-ஆம் நூற்றாண்டில் எழுநூறு பேரளவில் வாழ்ந்தனர். அவர்களை வெளியேற்றும் வேலை 1786-இல் தொடங்கி, புரட்சியால் இடைநின்று, நெப்போலியன் காலத்தில் நிறைவெய்திற்று. ஆர்ல் அரங்கு அக்காலத்தில் வறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதி. 1825-இலிருந்து அவ்வீடுகள் கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. 1830-இல் வெறுமையாக்கப்பட்ட அரங்கிலே முதல் விழா நிகழ்ந்தது. பிரெஞ்சுப் படைகள் அல்ஜியேர்ஸ் நகரைக் கைப்பற்றியமையைக் கொண்டாடுவதற்கு நடத்தப்பட்ட எருது விழா அது.

இவ்வாண்டு நம் கவனத்துக்குரியது. 1830 யூலை மாதத்தில் அல்ஜியேர்ஸ் வீழ்ந்தது. 132 ஆண்டு நீடித்த குடியேற்ற ஆட்சி அங்குத் தொடங்கிற்று. அதே மாத இறுதியில் பாரிசு மக்கள் தெருக்களிற் போராடிப் பூர்போன் மன்னனை வீழ்த்தினர்; ஆயின் ஆட்சியைக் கைப்பற்றியோர் வங்கியாளரும் பெருஞ்சொத்துடையோருமே. அவ்வாட்சியின் அமைச்சரான கீசோ, வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை மேற்பார்வையாளர் பதவியை அவ்வாண்டிலேயே உருவாக்கினார். இந்தக் கீசோவே வர்க்கப் போராட்டத்தைப் பிரெஞ்சு வரலாற்றின் அச்சாணியாகக் கண்ட வரலாற்றாசிரியர். கார்ல் மார்க்சைப் பாரிசிலிருந்து 1845-இல் வெளியேற்றிய அரசின் முக்கிய அமைச்சரும் அவரே. 1834-இல் அப்பதவியை ஏற்ற எழுத்தாளர் மெரிமேயின் காலத்தில், 1840-இலே, பாதுகாக்கவேண்டிய சின்னங்களின் முதற் பட்டியல் வெளிவந்தது. அதில் இவ்விரு அரங்குகளும் நீர்ப்பாலமும் இடம்பெற்றன.

புதிதாக ஆட்சிக்கு வந்த வர்க்கத்துக்கு ஒரு பரம்பரை தேவைப்பட்டது. ஆபிரிக்காவிலே பேரரசு நிறுவப் புறப்பட்டோர்க்கு உரோமப் பேரரசு உகந்த மூதாதையாயிற்று. அதன் கற்கள் தூய்மையாகத் தோன்றவேண்டுமாயின், அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்த ஏழைகளின் சமையலறைகள் மறையவேண்டியிருந்தன.

அந்த அகற்றல் நிகழாதிருந்தால் அரங்கு நமக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வீடுகள் கற்களை அரித்தன என்பதும், அங்கு வாழ்க்கை சுகாதாரக்கேடு மிக்கதாயிருந்தது என்பதும் மெய். பழங்கட்டடங்களைப் பேணுதல் நாகரிக சமுதாயத்தின் கடமை; முற்போக்காளர் அதனை எதிர்ப்பதற்கில்லை. ஆனால் எதைப் பேணுவது, எதை அழிப்பது என்பதைத் தீர்மானித்தவர் யார்? கோட்டைக் கோபுரங்கள் மூன்று இன்றும் விடப்பட்டுள்ளன. இருநூறு வீடுகளில் ஒன்றேனும் சான்றுக்காக விடப்படவில்லை. படைவலிமையின் சின்னம் வரலாறாக மதிக்கப்பட்டது. குடும்ப வாழ்வின் சின்னம் குப்பையாக எண்ணப்பட்டது.

சுற்றுலாவின் இறுதி இடமான லெ போ, இதன் மறுபக்கத்தைக் காட்டும். சுண்ணப்பாறை மேல் அமைந்த இவ்வூரில் இடைக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். 1630-களில் மன்னனுக்கெதிரான கலகத்தின் பின்னர், ரிஷ்லியே என்னும் அமைச்சரின் கட்டளைப்படி கோட்டை தகர்க்கப்பட்டது. ஊர் தேய்ந்தது. 1821-இலே பேர்த்தியே என்னும் அறிஞர் அவ்வூரருகே கண்ட செம்மண் தாதுப்பொருள், ஊரின் பெயரால் 'போக்சைற்று' எனப்பட்டது. உலகின் அலுமினியம் அத்தகைய தாதுவிலிருந்தே பெருமளவிற் பெறப்படுகின்றது. ஆனால் வழிகாட்டிகள் அதனைச் சொல்வதினும் கோட்டைத் தலைவர்களின் காதலையும் கொடுமையையும் சொல்வதையே விரும்புவர். ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்துசெல்லும் பழைய ஊருக்குள் நிலையாக வாழ்வோர் மிகச் சிலர். ஆர்லில் மக்களை அகற்றிச் சின்னம் ஆக்கப்பட்டது. இங்கே மக்கள் அகன்றபின் எஞ்சிய ஊர் சின்னமாயிற்று.

பிரான்சிலே வேறொரு வகையான சுற்றுலாவும் முன்னர் இருந்தது. கல்தச்சரும் மரத்தச்சரும் பயிற்சிக் காலத்தில் ஊரூராகச் சென்று, தொழில் செய்து, மூத்த தொழிலாளரிடம் கற்று, ஆண்டுக்கணக்கில் நாடு சுற்றினர். அவர்களின் தோழமைச் சங்கங்களை 1791-ஆம் ஆண்டின் லெ சப்பலியே சட்டம் தடைசெய்தது. எனினும் அவை அழியவில்லை. நீர்ப்பாலம் அக்கல்தச்சரின் பயணத்திலே தவறாத தங்குமிடம். வளைவு எவ்வாறு நிற்கின்றது, சாந்தின்றிக் கல் எவ்வாறு பொருந்துகின்றது என்று ஆராய்ந்து, தம் பெயர்களையும் சுத்தியல், மூலைமட்டம் முதலிய கருவிகளின் உருவங்களையும் அக்கல்லிலே செதுக்கிச் சென்றனர். தம்மைப்போன்ற தொழிலாளர் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் செய்த வேலையை, வேலையறிந்த கண்கொண்டு அவர்கள் நோக்கினர்.

பழங்கட்டடங்களுக்கு மாணவரை அழைத்துச்செல்லும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கட்டடத்தின் உயரத்தையும் கட்டுவித்தவன் பெயரையும் சொல்லிய பின்னர் மேலும் மூன்று கேள்விகளை மாணவர் முன் வைக்கலாம். இந்நிலம் முன்னர் யாருடையது? இக்கல்லை எவர், எவ்வாறு இங்கு ஏற்றினர்? இது காட்சிப்பொருளாகுமுன் இங்குக் குடியிருந்தோர் எங்குச் சென்றனர்? ஆர்ல் அரங்கின் வெற்றுப் படிவரிசையில் அமரும் பிரயாணிக்கு மூன்றாம் வினாவின் விடையைக் கூறுவதற்கு அங்கு ஒரு வீடும் எஞ்சவில்லை. அதனாலேயே அவ்வினா வகுப்பறையில் எழவேண்டும்.