குடல் அழற்சி நோய்: பாக்டீரியாக்களின் பங்கு என்ன?

நீடித்த குடல் அழற்சி நோயில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் உட்சுவரில் புண்களை உண்டாக்குகிறது. கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எப்பகுதியையும் தாக்கக்கூடியது. வயிற்றுவலி, தொடர் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை குறைதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள்.

மரபணுக்கள், நோய் எதிர்ப்பு மண்டலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுடன் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் இந்நோயில் பங்குண்டு. மனித உடலால் செரிக்க இயலாத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் உள்ளிட்ட கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்கள் தங்களுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியை பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன.

இந்த வளர்சிதை மாற்றத்தில் ஆக்சிஜன் செலவாவதால், குடலின் உட்பகுதி ஏறத்தாழ ஆக்சிஜன் அற்றதாகவே இருக்கிறது. நன்மை தரும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு அந்தச் சூழலே ஏற்றது. அழற்சி ஏற்படும்போது செல்கள் பியூட்டிரேட்டைப் பயன்படுத்தும் திறன் குறைந்து, ஆக்சிஜன் குடலுக்குள் கசிவதாகக் கருதப்படுகிறது. அப்போது ஈ.கோலை போன்றவை பெருகுகின்றன. பியூட்டிரேட்டை உற்பத்தி செய்யும் ஃபீகாலிபாக்டீரியம் போன்றவை குறைகின்றன. இதனால் அழற்சி மேலும் நீடிக்கிறது.

அமெரிக்காவில் 132 பேரை ஓராண்டு கண்காணித்த ஆய்வு, 2019-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. நோயாளிகளின் குடல் பாக்டீரியாச் சமநிலை குலைந்த காலங்களில் பியூட்டிரேட் குறைந்ததுடன், பித்த அமிலங்களின் விகிதமும் மாறியது அதில் கண்டறியப்பட்டது.

இந்தச் சமநிலையை மீட்கும் முயற்சிகள் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. லேசானது முதல் மிதமானது வரையிலான அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ள 66 பேரிடம் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மேற்கொண்ட ஆய்வு 2022-இல் வெளியானது. ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பெற்ற நுண்ணுயிரிகளைச் செலுத்தி, அழற்சியைக் குறைக்கும் உணவும் வழங்கப்பட்டவர்களில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிக விகிதத்தினருக்கு நோய் தணிந்தது.

எனினும், இம்முறையை மருத்துவக் கண்காணிப்பின்றி மேற்கொண்டால் தொற்று பரவும் அபாயம் உள்ளது. குடல் சுருங்கிய கிரோன் நோயாளிகளுக்கு அதிக நார்ச்சத்து அடைப்பை ஏற்படுத்தலாம். மருந்துகளைத் தாமாக நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமடையக்கூடும்.

இந்தியாவில் பரவலாகக் காணப்படும் குடல் காசநோயின் அறிகுறிகள் கிரோன் நோயின் அறிகுறிகளை ஒத்திருக்கும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் காசநோயை முற்றச் செய்யும் என்பதால், கொலனோஸ்கோபி, திசுப் பரிசோதனை ஆகியவற்றின் மூலம் நோயை உறுதிசெய்த பின்னரே சிகிச்சையைத் தொடங்குவது அவசியம்.