ஜான்சி ராணிப் படை

இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் படைப்பிரிவு. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இதை அறிவித்தார். பயிற்சி முகாம் அக்டோபர் 22 அன்று திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன், பின்னாளின் லட்சுமி சாகல்.

சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இருப்பது போன்ற லயன் வீடுகளில் கங்காணியின் அதட்டலுக்குப் பழகியவர்கள். வசதியான வீட்டிலிருந்து, போராட்ட நிதிக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த ஜானகி தேவரும் அவர்களோடு ஒரே கொட்டகையில் படுத்தார். படையின் உண்மையான பலம் துப்பாக்கியைவிட இந்தக் கூட்டுவாழ்வுதான் எனலாம்.

1945 ஏப்ரலில், படையின் ஒரு பகுதி இருந்த பர்மாவின் ரங்கூன் கைவிடப்பட்டது. பாங்காக் நோக்கிய பின்வாங்கலில் பகலில் விமானங்களுக்கு அஞ்சிக் காட்டில் பதுங்கினார்கள், இரவில் நடந்தார்கள். உடன் நடந்த போஸ் பூட்ஸைக் கழற்றியபோது கால் முழுக்கக் கொப்புளம் இருந்ததை ஜானகி பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

லட்சுமி அந்த அணியில் இல்லை. பர்மாவிலேயே பிரிட்டிஷ் தரப்பிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில்தான் இந்தியா கொண்டுவரப்பட்டார். அவர் தாய் அம்மு சுவாமிநாதனும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் வேலூர்ச் சிறை கண்டவர்.

ஜானகி 1946இல் மலாயா இந்திய காங்கிரஸின் நிறுவனர்களுள் ஒருவரானார். ஆனால் படையின் அதிகாரிகள் சிலரின் நினைவுகளே அச்சேறின. தோட்டத்திலிருந்து வந்த சிப்பாய்களில் பலருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை.