வெட்டாது விட்ட மரம்

கோடரியின் வரலாற்றைக் கூறுவோர், அதனால் வீழ்ந்த மரங்களையே எண்ணிக் கணக்கிடுவது வழக்கம். மரத்தை வீழ்த்திய மனிதன் அதன் அடியில் தானும் வீழாமல் தப்பியது எவ்வாறு என்று கேட்போர் சிலரே. அக்கேள்விக்குரிய விடையை அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக் காடுகளில் காணலாம்.

ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் டக்ளஸ் பர் என்னும் ஊசியிலை மரங்கள் அறுபது, எழுபது மீட்டர் உயரத்திற்கும் மேலாக வளர்ந்து நின்றன. அவற்றின் அடிப்பகுதி பருத்து, பிசின் நிறைந்திருக்கும். ஆதலின், மரத்தின் பக்கவாட்டில் குழி வெட்டி, இரும்பு முனையுள்ள பலகையை அதிற் செருகி, அதன்மேல் நின்றே தொழிலாளர் வேலை செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோடரியோடு இருவர் இழுக்கும் நீண்ட ரம்பமும் மரம் வீழ்த்தும் பணிக்கு வந்து சேர்ந்தது. பிசின் பற்றிக்கொள்ளாதிருக்க, புட்டியில் வைத்திருந்த மண்ணெண்ணெயை ரம்பத்தின்மீது தெளித்துக்கொள்வர்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆயினும் ஆழ்ந்த அறிவுடையது. மரம் எத்திசையில் விழவேண்டுமோ அத்திசையில் முதலில் ஆப்பு வடிவமான வாய் ஒன்றை வெட்டுவர். அதன் ஆழம் மரத்தின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். பின்னர் எதிர்ப்புறத்தில், அவ்வாயின் அடிமட்டத்திற்குச் சற்று மேலாக ரம்பத்தை ஓட்டுவர். ரம்பம் இறுகாதபடி அதன் பின்னே ஆப்புகளை அடித்துச் செல்வர். ஆனால் இரு வெட்டுகளும் ஒன்றையொன்று தொடுமாறு விடுவதில்லை. இடையே ஒரு பட்டை மரத்தை வெட்டாது நிறுத்துவர்.

இப்பட்டையே அனைத்திற்கும் உயிர்நாடி. கதவுக்குக் கீல் எப்படியோ, சாயும் மரத்திற்கு இப்பட்டை அப்படி. மரம் பெரும்பாலும் சாய்ந்து முடியும்வரை அதனை அடிக்கட்டையோடு பிணைத்துத் திசை தவறாமல் இறக்குவது இதுவே. இதனை முற்றும் அறுத்துவிட்டால், மரம் அடிக்கட்டையை விட்டு நழுவி எப்பக்கமும் சாயக்கூடும். ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் விட்டால், தடித்த பக்கம் மரத்தை இழுத்துக்கொள்ளும். முன்வாயின் ஆழம் போதாவிடில், மரம் நெடுக்காகப் பிளந்து, அதன் அடிப்பாகம் வெட்டுபவன்மேல் பாயவும் கூடும்.

இந்நிலையில் இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் எமில் லெர்ப் என்பவர் 1927இல் பெட்ரோலால் இயங்கும் சங்கிலி ரம்பத்தைத் துரிஞ்சியா நாட்டு டோல்மார் மலையில் இயக்கிக் காட்டினார். ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929இல் செய்த மரம் வீழ்த்தும் இயந்திரம் 46 கிலோ எடையுடையது. அதனைத் தூக்க இருவர் வேண்டும். 1946இல், ஆரிகனில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, வண்டின் புழுவொன்று மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கண்டார். அதன் தாடைகளைப் போலவே பற்களை அமைத்து, மறு ஆண்டிலேயே புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று வழங்கும் சங்கிலிகள் அவ்வமைப்பின் வழிவந்தவையே. பின்னர் இயந்திரத்தின் எடை குறையவே, ஒருவர் தனித்து நின்று மரத்தை வீழ்த்தும் நிலை ஏற்பட்டது.

மணிக்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களில் முடிந்தது; ஆனால் அவ்விரைவுக்கு விலையும் இருந்தது. கை ரம்பம் இழுத்தவர்கள் மரநார்கள் முறியும் ஓசையைக் கேட்டு, மரம் அசையும் கணத்தை அறிந்தனர். இயந்திரத்தின் இரைச்சலோ அவ்வெச்சரிக்கையை விழுங்கிவிட்டது. சட்டத்தின் நுனியின் மேற்பகுதி எதிலேனும் பட்டால், ரம்பம் இமைப்பொழுதில் மேலெழும்பி ஆளைத் தாக்கும். ஓயாத அதிர்வினால் தொழிலாளரின் விரல்கள் இரத்தவோட்டம் குன்றி வெளுத்தன. அதிர்வு தாங்கும் கைப்பிடி 1960களிலும், சங்கிலியை நிறுத்தும் தடை 1970களிலும் பரவத் தொடங்கின.

ஆயினும் மரத்தின் சாய்வை ஆள எந்த இயந்திரத்தடையும் உதவாது. அதற்கு வெட்டாது விட்ட அப்பட்டையே வேண்டும். இதனை உணர்ந்தே, அமெரிக்க நடுவண் அரசு 1994இல் வெளியிட்ட காட்டுத்தொழிற் பாதுகாப்பு விதிகள், முன்வாய் வெட்டுவதையும், கீல்மரம் போதிய அளவு விடுவதையும், மரம் விழும் திசைக்குக் குறுக்குச் சாய்வாகப் பின்வாங்கும் வழியை முன்னரே வகுத்துக்கொள்வதையும் கட்டாயமாக்கின. பலகைமேல் நின்ற பழைய மரவெட்டிகள் அனுபவத்தால் அறிந்ததையே அரசு சட்டமாக எழுதிற்று.

கோடரி போய் ரம்பம் வந்தது. ரம்பத்திற்கு விசை வந்தது. எவ்வளவு வெட்டுவது என்பதைக் கருவி மாற்றியது. எங்கே நிறுத்துவது என்பது மட்டும் இன்றளவும் மனிதன் கையிலேயே இருக்கிறது. அவன் உயிரும் அங்கேதான் இருக்கிறது.