வலை வழங்கியில் கோப்பு உரிமையும் அனுமதிகளும்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழு, பிறர் என்னும் முத்தரப்புக்கும் படித்தல் (4), எழுதுதல் (2), இயக்குதல் (1) ஆகிய அனுமதிகள் தனித்தனியே அளிக்கப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகை 644, 755 என மூவிலக்க எண்ணாகக் குறிக்கப்படும். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய யூனிக்ஸே இதற்கு மூலம். 1971 நவம்பரில் வெளிவந்த அதன் முதற்பதிப்புக் கையேட்டிலேயே அனுமதியை மாற்றும் 'சிஎச்மாட்', உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' ஆகிய கட்டளைகள் இருந்தன. குழு என்னும் பிரிவு சில ஆண்டுகள் கழித்தே சேர்ந்தது. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இந்த ஏற்பாட்டைத் தனதாக்கிக்கொண்டது.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த காலத்தில் உரிமையாளர் என்றால் மனிதர். வலை வழங்கியிலோ கோப்பைத் திறப்பது அப்பாச்சி போன்ற நிரல். லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியனில் அது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்னும் தனிப் பயனர் பெயரில் இயங்குகிறது. தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே பிறக்கின்றன. சாரல் காலத்துக்காக அறை முன்பதிவுத் தளம் வைத்திருக்கும் குற்றால விடுதி ஒன்று படங்களை ஏற்ற முயன்று 'அனுமதி இல்லை' என்ற பதிலைப் பெறுமானால், படங்கள் சேரவேண்டிய கோப்புறை தளத்தை நிறுவியவர் பெயரில் இருக்க, எழுதவேண்டிய நிரலோ அங்கே 'பிறர்' ஆகிவிட்டது என்பதே வழக்கமான காரணம். உடனே 777 என எல்லோருக்கும் எல்லாம் கொடுத்துவிடுவது, பட்டாவை மாற்றாமல் வேலியைப் பிடுங்கிப்போடும் வேலை. அதே கணினியில் கணக்குள்ள எவரும் அதன்பின் அங்கே கோப்பை வைக்கலாம், அழிக்கலாம். அந்த ஒரு கோப்புறையின் குழுவை மட்டும் வழங்கியின் குழுவாக மாற்றி 775 அளித்து, நிரல்களை 644இல் விட்டுவிடுவதே முறை. ஆயினும் வலைத்தளங்களுக்கான பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் ஓடுவதற்கு இயக்கும் அனுமதி தேவையில்லை, வழங்கி அதைப் படிக்க முடிந்தாலே போதும் என்பதால், பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி ஓடாதபடி வழங்கியின் அமைப்பிலும் தடுக்கவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வழங்கியின் பொதுப் பெயருக்கு மாற்றாக, ஒவ்வொருவர் நிரலையும் அவரவர் பெயரிலேயே ஓடச்செய்யும் 'சுஎக்செக்' என்னும் வசதி 1997இல் அப்பாச்சி 1.2உடன் வந்தது, உரிமையாளர் அல்லாதார் எழுதக்கூடிய நிரலை அது ஓட்ட மறுத்துவிடும்.

பின்னர் மென்பொருளே இணையவழிச் சேவையாக மாறியபோது, இந்த எண்கள் பயன்படுத்துவோர் பார்வையிலிருந்து விலகின. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் தொழில் அத்தகைய சேவைகளே. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் இணையதளமும் தேசியத் தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' கட்டமைப்பில் இயங்குவதால், மாவட்ட அலுவலர்கள் கையாள்வது பக்கங்களின் உள்ளடக்கத்தைத் திருத்தும் அனுமதியை மட்டுமே. கோப்புகளின் உரிமையும் அனுமதியும் மையத்தின் பொறுப்பு.